சுவேதாவிடம் கேட்ட கேள்வி

2025 ஜனவரி 19, ஞாயிறு

திருவண்ணாமலையில் வகுப்பு முடிந்து, போளூர் வந்து, மலை பஸ் பிடித்து, பிறகு ஷேர் ஜீப்பில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி ஊர் வந்து சேர்ந்தேன். இடுப்பு விட்டுப்போய்விட்டது. அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டாள்: "பால்வாடி டீச்சருக்கு எதுக்குடி கல்பனா இத்தினி படிப்பு?" எனக்கே தெரிந்தால்தானே.

தபால் வழி எம்.எஸ்சி. உளவியலில் இது கடைசி வருஷம். இன்று புதுப் பாடம். "குழந்தையிலிருந்து குற்றவாளி வரை" என்று போர்டில் எழுதினார் மேடம். சிறு வயதிலேயே சில அறிகுறிகள் தெரியுமாம். ஓயாமல் பொய் சொல்வது, பிராணிகளை வதைப்பது, தீ வைப்பது. அப்படிப் பார்த்தால் எங்கள் பால்வாடியில் பாதிப் பேரை இப்போதே உள்ளே தள்ள வேண்டும். ஓணான் அடிக்காத பிள்ளை இந்த மலையில் ஏது?

ஆளுக்கு ஒரு குழந்தையைக் கவனித்து அடுத்த வகுப்பில் பேச வேண்டும். நர்ஸ் அக்கா உடனே கையைத் தூக்கிவிட்டாள். போலீஸ்காரர் சரவணகுமார்கூடத் தூக்கினார். அவர் புரமோஷனுக்காகப் படிக்கிறார் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். நான் தூக்கவில்லை. மலையிலிருந்து வருபவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற பயம் ஒவ்வொரு தடவையும் இருக்கிறது. இந்தத் தடவை எதையாவது செய்து காட்ட வேண்டும்.

ஜனவரி 22, புதன்

சுவேதாவை எடுத்துக்கொள்ளப் போகிறேன். பிரகாஷ் அண்ணனின் மகள், ஐந்து வயது. சித்தப்பா பேத்தி என்பதால் என்னிடம் ஒட்டுதல் அதிகம். "அத்தை அத்தை" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

பொய்யென்றால் அப்படி ஒரு பொய். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் பிரியாணி என்கிறாள். வாயோரம் களி ஒட்டியிருக்கிறது. அப்பா எங்கே என்றால், "காப்பித் தோட்டத்துக்கு மெளகு பறிக்கப் போயிருக்காரு."

இந்த ஒன்றை மட்டும் அவள் பொய் என்று நான் எழுதிக்கொள்ளலாமா? பொங்கல் கழிந்த மறுநாள், கூலிக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியின் ஜீப் வந்தது. அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் ஏறினார்கள். ஆந்திரக் காட்டுக்கு, செம்மரம் வெட்ட. ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. ஆம்பளை ஊரில் இல்லையென்றால் காப்பித் தோட்டம், அவ்வளவுதான். பேச்சு வரும்போதே பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

தலைவலி. புளி உலுக்கப் போகவில்லை.

ஜனவரி 30, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மற்ற பிள்ளைகள் தூங்கிய பிறகு சுவேதாவுக்குத் துணிப் பொம்மை கொடுத்தேன். விளையாட்டில்தான் குழந்தையின் மனசு தெரியும் என்று மேடம் சொன்னாரே. அவள் நேராக வெளியே போய்ப் புங்க இலைகளை அள்ளி வந்து, பொம்மையைப் படுக்க வைத்து மேலே மூடினாள். மூடிவிட்டு அதன் காதில், "மூச்சு வுடாத" என்றாள்.

நான் போனை எடுத்து வீடியோ ஓடவிட்டேன்.

"யாரு இது?"

"எங்கப்பா."

"ஏன் படுத்துக்கினு கீறாரு?"

"லைட்டு அடிச்சிக்கினு வர்றாங்க."

அப்பா எங்கே போயிருக்கிறார் என்று கேட்டேன். காப்பித் தோட்டம் என்றாள். அத்தையிடம் மட்டும் உண்மையைச் சொல் என்றேன். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, "மரம் வெட்ட. மேஸ்திரி மாமா ஜீப்புல போனாரு. சிவராத்திரிக்கு வந்துருவாரு. ஆருகிட்டயும் சொல்லாத அத்தை" என்றாள்.

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் இருப்பது அப்படியே என் கண் முன்னால் நடக்கிறது. நர்ஸ் அக்காவால் இப்படி ஒன்றைக் கொண்டுவர முடியுமா?

பிப்ரவரி 2, ஞாயிறு

வகுப்பே அமைதியாகிவிட்டது. வீடியோவைப் போட்டு, என் தமிழில் தட்டுத் தடுமாறி விளக்கினேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மேடம் எழுந்து வந்து தோளைத் தட்டினார். "அருமையான வேலை. வாட்ஸப் குரூப்ல போடும்மா, எல்லாரும் இன்னொரு தடவை பார்க்கட்டும்." அங்கேயே உட்கார்ந்து போட்டேன். பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் வீடியோவில் நானே ஒரு இடத்தில் "சுவேதா" என்று கூப்பிட்டிருக்கிறேன்.

வெளியே வரும்போது சரவணகுமார் பக்கத்தில் வந்தார். "எந்த ஊர் மேடம் இந்தக் கொழந்த?" நான் வாயெல்லாம் பல்லாக, "எங்க ஊருதான் சார், நெல்லிவாசல் பக்கம்" என்றேன். "ஓ. சிவராத்திரிக்கு அப்பா வர்றாராமே" என்றார். சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

ஆமாம் என்றேன்.

போளூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. பாதி டீயைக் கீழே ஊற்றினேன். அவர் போலீஸ். கல்பனா, அந்த ஆள் போலீஸுடி.

பிப்ரவரி 3, திங்கள்

விடிந்ததும் பாறைக்கு ஓடினேன். அங்கே ஏறினால்தான் சிக்னல். குரூப்பில் யாருக்கும் இனி தெரியாதபடி வீடியோவை அழித்தேன். ஆனால் ஏற்கெனவே பார்த்தவர்களை என்ன செய்வது? யார் யார் இறக்கி வைத்திருக்கிறார்களோ.

கீழே இறங்குவதற்குள் ஒரு மெசேஜ். சரவணகுமார். "ஏன் மேடம் டெலிட் பண்ணிட்டீங்க?"

பதில் போடவில்லை. போடாமல் இருப்பதும் ஒரு பதில்தானே. போலீஸ்காரனுக்கு அது புரியாதா?

பிப்ரவரி 5, புதன்

சுண்டலில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். பிள்ளைகள் துப்பிவிட்டார்கள்.

மூன்றாம் அத்தியாயம் படித்தேன். குற்றத்தின் பக்கம் போகும் குழந்தைகளின் வீட்டு நிலைமை என்று ஒரு பகுதி. முதல் வரியே, தகப்பன் சிறையில் இருப்பது. புத்தகத்தை மூடிவிட்டேன். சுவேதா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அவள் எப்படி வளரப் போகிறாள் என்று பார்க்கப் போனவள் நான். அண்ணனை நானே பிடித்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவளைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேனா? ஐயோ, இன்னா வேல செஞ்சி வெச்சிருக்கேன்.

அண்ணியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? சொல்லாவிட்டால்?

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வெள்ளையம்மாள் அண்ணி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வகுப்பு, பொம்மை, வீடியோ என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். போலீஸ் என்ற இடத்தில்தான் அவள் கை நின்றது.

"அவளா சொன்னா?"

"நான் கேட்டேன் அண்ணி. அதனாலதான் சொன்னா."

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "உன்ன நம்பி வுட்டுட்டுக் கூலிக்குப் போறேன். வேற யார நம்புறது" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போனாள்.

நான் வேலிப் படலைத் தாண்டுவதற்குள் சுவேதாவின் அழுகை கேட்டது. விளக்குமாற்றுச் சத்தமும். "ஆருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னனா இல்லியா? சொன்னனா இல்லியா?" அடி விழுந்துகொண்டே இருந்தது. ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். எனக்கு விழ வேண்டியதை அவள் வாங்கிக்கொண்டிருந்தாள், நான் படல் ஓரம் நின்று கேட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சுவேதா வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் வரவில்லை. ஆள் அனுப்பினேன். காய்ச்சல் என்று பதில் வந்தது. தண்ணிக் குழாயடியில் அண்ணி என்னைப் பார்த்ததும் பாதிக் குடத்தோடு கிளம்பிவிட்டாள். அம்மா கேட்கிறாள், "உங்களுக்குள்ள இன்னா?" ஒன்றுமில்லை என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

கீழே எந்த வண்டி உறுமினாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். இன்று வந்தது ரேஷன் வண்டி.

பிப்ரவரி 16, ஞாயிறு

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன்.

மேடம் இரண்டாம் கட்டக் கவனிப்பு எங்கே என்றார். அந்தக் குடும்பம் செங்கம் பக்கம் போய்விட்டது மேடம் என்றேன். "அடடா, நல்ல கேஸ் ஆச்சே" என்று வருத்தப்பட்டார். கேஸ்.

டீக்கடையில் சரவணகுமார் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார் என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும், அப்போதுதான் யோசிக்க முடியும்.

"பயந்துட்டீங்களா மேடம்?"

"இல்ல சார், எதுக்கு?"

"நான் ஸ்டேஷன்ல யார்கிட்டயும் சொல்லலைங்க. எம் பொண்ணுக்கும் அதே வயசு. நான் யூனிபார்ம் போட்டு நின்னா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவா. வெளயாட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உங்க வீடியோவப் பாத்த அன்னிக்கி வூட்டுக்குப் போயி அவளையே பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்த அப்பாவ வுடுங்க மேடம், கூலிக்குப் போறவரு. ஆள் புடிச்சிக்கினு போறான் பாருங்க, அந்த ஜீப்புக்காரன், அவன் பேரு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"எனக்குத் தெரியாது சார்."

"உங்க ஊருதான மேடம்?"

"தெரியாது சார்."

அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். மேஸ்திரியின் பெயரும் தெரியும், அவன் பெண்டாட்டியின் பெயரும் தெரியும். அவனைச் சொன்னால் அண்ணனும் மாட்டுவார், ஊரில் நானும் இருக்க முடியாது. இந்த ஆள் நல்லவரா? மகளைப் பற்றிச் சொன்னது நிஜமா, அல்லது என்னிடமிருந்து வாங்குவதற்காகச் சொன்னதா? நான் சுவேதாவிடம் "அத்தையிடம் மட்டும் சொல்" என்று கேட்டேனே, அதே குரலில்தான் அவரும் கேட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணியே வந்தாள். உட்காரவில்லை. மேஸ்திரி வீட்டு வழியாகச் சேதி அனுப்பிவிட்டாளாம், இப்போதைக்கு ஊருக்கு வர வேண்டாம் என்று. "மேஸ்திரி, அப்பிடின்னா இன்னொரு லோடு முடிச்சிட்டே வரட்டும்னு சொல்லிட்டான்" என்றாள்.

இன்னொரு லோடு என்றால் இன்னும் உள்ளே, இன்னும் பல நாள். வந்தால் பிடிப்பார்கள் என்று பயந்து, பிடிபடும் இடத்திலேயே அவரை நிறுத்தி வைத்துவிட்டேன்.

"அண்ணி, அந்தப் போலீஸ்காரர் யார்கிட்டயும் சொல்லலன்னாரு. வரச் சொல்லிருக்கலாம்."

"நீ அவன நம்புறியா?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலில் மைக் செட் அலறுகிறது. போலீஸ் வரவில்லை. அண்ணனும் வரவில்லை. சுவேதா பாவாடை கட்டிக்கொண்டு சாயங்காலம் முழுக்கச் சாலை வளைவில் நின்றிருக்கிறாள், அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

பிப்ரவரி 28, வெள்ளி

ஆந்திரக் காட்டில் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள் என்று யாரோ போனில் பார்த்தார்களாம். எந்தக் காடு, எந்த ஊர் ஆட்கள், ஒன்றும் தெரியவில்லை. பாறையில் ஏறி உட்கார்ந்து தேடித் தேடி போனில் சார்ஜ் போய்விட்டது. அண்ணி வீட்டில் அடுப்பு புகையவில்லை.

மார்ச் 3, திங்கள்

சுவேதா பால்வாடிக்கு வந்தாள். முந்தானையைப் பிடிக்கவில்லை. பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். காலில் விளக்குமாற்றுத் தழும்பு ஆறிவிட்டது. பொம்மை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீடு வரைந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் வந்துவிட்டார்.

விறகுக்குப் போனபோது பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்கார்ந்து காலில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அவ்வளவுதான். பிடிபட்டது வேறு ஊர் ஆட்களாம், அம்மா சொன்னாள். அடுப்படியில் போய் நின்று ஓவென்று அழுதேன். எத்தனை நாள் அழுகையோ.

மார்ச் 10, திங்கள்

நேற்று வகுப்புக்குப் போகவில்லை. பரீட்சைக்கு மட்டும் போய் எழுதிக்கொள்ளலாம்.

இன்று சுவேதா புதுக் கவுன் போட்டு வந்தாள். ஆந்திராக் கடைப் பொட்டலத்திலிருந்து மிட்டாய் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். "எங்கப்பா வாங்கியாந்தாரு" என்று அவர்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான், சோறு போடும்போது குனிந்து, "அப்பா வந்துட்டாராடி?" என்று கேட்டுவிட்டேன்.

மெல்லுவதை நிறுத்தினாள். முதலில் என் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் குண்டான். போன் இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து, கண் இமைக்காமல், ரொம்ப அமைதியாகச் சொன்னாள்.

"இன்னும் வரல அத்தை."

புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பக்கம்கூட எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டு என் ஒருத்தியிடம் மட்டும் பொய் சொல்லும் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

"சரிம்மா, சாப்பிடு" என்று சொல்லி, அடுத்த பிள்ளைக்குச் சோறு வைக்கப் போனேன்.