பெட்டை மீன் அன்றைக்கு மஞ்சளாகத்தான் இருந்தது

மாஸ்டர்,

குடோன் பரணைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தேன். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பெண் ஒருத்தி பாதிக் கொட்டாங்குச்சி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். விளிம்பில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக அறுத்திருந்தது. உள்ளே பாசி காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. இது என்ன என்று இந்தியில் கேட்டாள். மீனுக்கு வீடு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்; சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதை அறுத்தது நீங்கள். நீங்கள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. போய்ச் சேராத கடிதம் எழுதுவது என் தொழிலுக்கு ஒத்துவராத வேலைதான். ஆனால் முன்போல ஓட முடியவில்லைங்க. உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மொபெட்டில் பனியன் வேஸ்ட் மூட்டை கட்டி விற்றுக்கொண்டிருந்தவன், சொந்தமாகத் துணி வாங்கிச் சாயம் போட்டு விற்கிற அளவுக்கு வந்திருந்தேன். என் துணி போகிற டையிங் பட்டறையில் நீங்கள் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். சின்ன யூனிட், கம்ப்யூட்டர் வைத்து நிறம் பார்க்கிற வசதியெல்லாம் அங்கே ஏது? பார்ட்டி கொடுத்த மாதிரித் துண்டையும் சாயம் ஏறிய துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து, "நூலளவு செவப்பு தூக்குது அண்ணாச்சி" என்பீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நீங்கள் சரி என்றால் துணி வண்டி ஏறும். இல்லையென்றால் திரும்ப மெஷினுக்குப் போகும். உங்கள் கண்ணை நம்பித்தான் நான் மேலே வந்தேன்.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் வீட்டில் மீனும் வளர்த்தீர்கள். லைன் வீட்டு முன்னறையில் பாதி இடம் கட்டிலுக்கு, பாதி தொட்டிகளுக்கு. அபிஸ்டோ என்று நீங்கள் சொன்ன குள்ள சிக்லிட் மீன்கள். ஆண் விரல் நீளம் இருக்கும். முதுகுத் துடுப்பைச் சேவல் கொண்டைபோலத் தூக்கிக்கொண்டு, வாலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு திரியும். பெட்டை அதில் பாதி. சாம்பல் நிறத்தில் இருக்கிற இடமே தெரியாது.

"இதுல என்னங்க மிச்சமாகும்?" என்றுதான் முதல் நாள் கேட்டேன்.

"மிச்சம் பாக்கணும்னா குஞ்சுக்கெல்லாம் பனியன் தச்சு எக்ஸ்போர்ட் பண்ணணும் அண்ணாச்சி" என்றீர்கள்.

அப்படியும் ஒரு ஜோடி வாங்கி என் ஆபீசில் வைத்தேன். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு, அந்த மீனுக்கு ஆகாது, மென்மையான தண்ணீர் வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். டையிங்கில் தண்ணீரைச் சரிக்கட்ட ஆசிட் ஊற்றுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அதே ஆசிட்டில் நாலு மூடி தொட்டியில் விட்டேன். தண்ணீர் சோதிக்கிற தாளை நனைத்துப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. மறுநாள் காலையில் தண்ணீர் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது, மீன் இரண்டும் மல்லாந்து கிடந்தன. நீங்கள் திட்டவில்லை. "துணி தாங்கும் அண்ணாச்சி, உயிரு தாங்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தகரக் கூரையில் பிடித்த மழைத்தண்ணீர் இரண்டு குடமும் காய்ந்த வாதாம் இலையும் இந்தக் கொட்டாங்குச்சியும் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

பெட்டை கொட்டாங்குச்சிக்குள் கூரையில் முட்டை ஒட்டும். அந்த நேரத்தில் அதன் சாம்பல் உடம்பு பளீரென்று எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடும். அதற்குப் பிறகு ஆண் கிட்டே போகக் கூடாது. சின்னத் தொட்டியானால் பெட்டை அதைக் கடித்தே கொன்றுவிடும். மஞ்சள் ஏற ஆரம்பிக்கிறபோதே, எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத பதத்தில், நீங்கள் கண்டுபிடித்து ஆணை வலைபோட்டு எடுத்துவிடுவீர்கள்.

"எஞ்சேலை என்ன கலர்னு இவுகளுக்குத் தெரியாது. மீனு கலர் மாறுனா மட்டும் தெரிஞ்சிரும்" என்று உங்கள் வீட்டு அக்கா டீயை வைப்பார்.

"நீ மஞ்சளா மாறுனா நாந்தான வீட்ட விட்டுப் போவணும். அதான் உன்னைப் பாக்கதே இல்ல" என்பீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொட்டாங்குச்சி வாசலில் பெட்டை நின்றது, அப்படி ஒரு மஞ்சள். ஆண் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. நீங்கள் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் ஆவும் அண்ணாச்சி, நெறமே ஏறல" என்றீர்கள்.

விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது மாஸ்டர். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு மீன் ஞாபகத்தில் இல்லை, நீங்களும் இல்லை. மறுநாள் உங்கள் மெஷினில் ஏற வேண்டிய என் துணிதான் ஞாபகத்தில் இருந்தது. குழந்தைகள் பனியனுக்கு லெமன், கிரீம், பேபி பிங்க்.

புதன்கிழமை வந்தபோது ஆண் துடுப்பெல்லாம் கிழிந்து செத்துக் கிடந்தது. "தண்ணி ஒத்துக்கல" என்றீர்கள். நீங்கள் தண்ணீர்மேல் பழி போட்டு நான் கேட்டதே இல்லை. அதற்குள் மூன்று கலரையும் அவிநாசி ரோட்டில் வேறு டையிங்குக்கு மாற்றிவிட்டிருந்தேன். டெலிவரி அவசரம், அங்கே மெஷின் காலியாக இருந்தது என்று உங்களிடம் பொய் சொன்னேன். உறவும் அறுந்துவிடக் கூடாது என்று கறுப்பும் நேவி புளூவும் மட்டும் உங்களுக்கு அனுப்பினேன். அதில் யார் பார்த்தாலும் தப்பு வராது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நாலைந்து மாசம் கழித்து ஒருநாள் கேட்டீர்கள்: "கறுப்புக்கு எதுக்கு அண்ணாச்சி மாஸ்டரு?"

"ஆர்டர் அப்படித்தானுங்க வருது" என்றேன்.

தலையாட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டேன்.

பிறகு வேறொரு பார்ட்டியின் துணியில் உடம்பு ஒரு நிறமும் காலர் ஒரு நிறமுமாகப் போய், உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கோயமுத்தூர் கண் டாக்டரிடம் என் காரில்தான் போனோம். சர்க்கரை கண்ணின் பின்திரை வரைக்கும் போய்விட்டது என்றார். "ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா லேசர் வெச்சு நிறுத்தியிருக்கலாம்." அக்கா அழுதார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அன்றைக்கும் இடையில் பதினாலு மாசம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்ல இன்னும் எட்டு மாசம் ஆனது. அப்போது உங்களுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். கைத்தடவலிலேயே மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அன்னைக்கு அந்தப் பெட்டை மஞ்சளாத்தானுங்க இருந்துச்சு. நான் பாத்தேனுங்க."

டப்பாவை மூடி வைத்தீர்கள். "தெரியும் அண்ணாச்சி. துணி கறுப்பாவே வந்துச்சுல்லா, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா அப்பவே டாக்டர்கிட்டப் போயிருக்கலாமேங்க?"

"போனா வேலை போயிரும்லா." அப்புறம், "நீங்க சொல்லுவீக, சொன்னா போவலாம்னு இருந்தேன்" என்றீர்கள்.

கோபமாகச் சொல்லவில்லை. உங்களுக்கே தெரிந்திருந்தது, நீங்களும்தான் மறைத்தீர்கள் என்று கேட்டபோது எனக்குள் எங்கோ ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. துணியை மாற்ற எனக்கு ஒரு போன் போதுமாக இருந்தது.

அடுத்த வருஷமே சிறுநீரகமும் போய் நீங்களும் போனீர்கள். அக்கா தொட்டிகளைத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் அப்புறம் மீன் வளர்க்கவில்லை. வியாபாரம் நடக்கிறது, ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறவர் யாராவது பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தால் போதும், கை தானாக மேஜைமேல் காகிதத்தைப் புரட்டுகிறது. நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருக்கிறாரோ என்று தோன்றிவிடுகிறது. என்னவென்று கேட்டால் தீர்ந்துபோகும். கேட்க வாய் வருவதில்லை மாஸ்டர். டீ சொல்லட்டுங்களா என்று கேட்கிறேன்.