பட்டன் இல்லாத இரண்டு பனியன்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று திட்டாதே. இடது கையால் எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. சீசன் முடியப் போகிறது. படகுப் பாய் கட்டிய பலகையை வாடகைக்கு எடுத்துக் கடலில் சறுக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். காற்றுதான் குறையவில்லை, சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று அறைகிறது. நாலு நாள் முன்னால் ஒரு பல் டாக்டர், “இன்னும் ஒரே ஒரு ரவுண்டுப்பா” என்று கெஞ்சிவிட்டுப் போனார். அவர் கரையேறியதும் பாயைக் கையில் வாங்கினேன். அது என்னையும் தூக்கிக்கொண்டு பறந்தது. மணலில் கிடந்தவனைப் பார்த்து முதலாளி, “என்னப்பா, டிக்கெட் எடுக்காமலே ஊருக்குக் கிளம்பிட்டியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணிக்கட்டில் சின்ன விரிசல், மூன்று வாரம் மாவுக்கட்டு. அவ்வளவுதான்.

அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் வேலை முடிந்து போய்விட்டார்கள். துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஒற்றைக் கைக்குப் பழகிவிட்டது. சட்டைப் பட்டன் மட்டும் படியமாட்டேன் என்கிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் பட்டன் இல்லாத பனியன் இரண்டு கொடுத்தனுப்பு.

கடை திறக்க நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். அழுக்குச் சட்டையோடு திரிவேனோ என்று கவலைப்படாதே. முந்தாநாள் நலம் விசாரிக்க வந்த பல் டாக்டர், கேட்காமலே எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டார். அந்தச் சட்டையை நான் இன்னும் கழற்றவில்லை.

உன் வீட்டுக்காரன்