பேசின் உடைந்த விஷயம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கீழே படிக்கும்போது நீ பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடக் கூடாது. உன் பெரியம்மா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம், மூக்கு மட்டும் அப்படியே உன் பெரியப்பா மூக்கு, வளர வளர மாறிவிடும் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தோம். போனில் நீ அப்பா குரல் ஏன் டல்லாக இருக்கிறது என்று கேட்டபோது ஜலதோஷம் என்றேன் அல்லவா, அது ஜலதோஷம் இல்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளியலறைப் பரணிலிருந்து டூல்ஸ் பெட்டியை இறக்கப் போனார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், திடீரென்று வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு தரையில் கிடக்கிறது, ஸ்பேனர்கள் மூலைக்கொன்றாகச் சிதறியிருக்கின்றன, கை கழுவுகிற பேசினின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்து மறுபக்கம் வரை விரிசல் ஓடியிருக்கிறது. அப்பா வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிபட்டுவிட்டதோ என்று நான் பதற, "ஒண்ணுமில்ல, நீ போ" என்று எரிந்து விழுந்தார். பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், தரையைப் பெருக்கினார், அதற்குள் கீழே இருந்து வீட்டுக்காரம்மா ஏறி வந்துவிட்டார். நாங்கள் இந்த வாடகை வீட்டுக்கு மாறிய பிறகு நீ வரவில்லை, அதனால் அவரை நீ பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார், அதிகம் பேச மாட்டார், பேசினால் ஊசி போட்ட மாதிரி சுருக்கென்று முடிந்துவிடும். பேசினைப் பார்த்துவிட்டு "எப்படி உடைஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். அப்பா கண் இமைக்காமல், "தானா விரிசல் விட்டுடுச்சு மேடம், போன வாரம் குழாய் மாத்தினப்ப பிளம்பர் ஓவரா முறுக்கியிருப்பார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் ஓட்டுகிற ஸ்கூல் வேன் கொஞ்சம் தாமதமானால்கூட டிராபிக் மேல் பழி போடாமல் நான்தான் லேட்டாகக் கிளம்பினேன் என்று சொல்கிற மனிதர் உன் அப்பா. அவரா இப்படிப் பேசுகிறார் என்று நான் வாயடைத்து நின்றேன். நின்றதும் தப்புதான்.

வீட்டுக்காரம்மா பிளம்பருக்குப் போன் போட்டு இனிமேல் இந்த வீட்டு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவரைத் தெருவில் எல்லோரும் விசில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், பைப்புக்குள் தலையை விட்டுக்கொண்டுகூட விசிலடித்தபடியேதான் வேலை செய்வார். மறுநாள் எங்கள் வாசற்படியில் வந்து நின்றார், அப்பா வேலைக்குப் போயிருந்தார். "அக்கா, நான் கிளம்பும்போது பேசின் முழுசா இருந்துச்சு, நீங்களே கை கழுவிப் பார்த்தீங்க. இந்தத் தெரு முழுக்க என் வேலைதான், பேர் கெட்டுச்சுன்னா நான் எங்க போவேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் பாப்பா.

அப்பா வந்ததும் கேட்டேவிட்டேன், ஒரு பேசினுக்காகவா இன்னொருத்தர் பிழைப்பில் கை வைப்பீர்கள் என்று. அவர் சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி வலது கையில் தூக்கிக் காட்டினார். தண்ணீர் தளும்பித் தளும்பி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. "பேசினுக்குப் பயந்து பொய் சொல்லலம்மா. கை நழுவிடுச்சுன்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படி வேன் ஓட்டறேன்னு கேட்பாங்க" என்றார். கொஞ்ச நாளாகவே இருக்கிறதாம், ஸ்டியரிங்கைப் பிடித்தால் நின்றுவிடுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அது பிள்ளைங்க ஏறுற வண்டிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினார், நானும் பின்னாலேயே போனேன்.

வீட்டுக்காரம்மா அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தார், யூனிபார்ம்கூட மாற்றவில்லை. "மேடம், பிளம்பர் மேல தப்பில்ல. பெட்டி என் கையிலேர்ந்து நழுவி விழுந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்" என்றார் அப்பா. காலி பண்ணுங்கள் என்பார், இல்லாவிட்டால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "எந்தக் கை?" அப்பா கையை நீட்டினார். அதைத் தன் கையில் வாங்கி விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க" என்றார். பேசினை விட்டுவிட்டார் என்று நினைக்காதே. "தேஞ்சு பழசாகிப் போனா அது என் பொறுப்பு. கை தவறி உடைஞ்சா, வேணும்னு செய்யலன்னாலும், உங்க பொறுப்புதான் சார். புதுசு மாத்திக் கொடுத்துடுங்க" என்றார். பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்திருந்தால் அப்பா இன்னும் குறுகிப்போயிருப்பார். சரியாகக் கேட்டதில்தான் அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது, படியேறும்போது நான் பார்த்தேன்.

நரம்புத் தளர்ச்சியால் வருகிற நடுக்கம் என்றார் டாக்டர், மாத்திரையில் குறையுமாம், முழுக்கப் போகுமா என்று இப்போதே சொல்ல முடியாதாம். அன்றைக்கே அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லி வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். மாலையில் பிள்ளைகளை அந்தந்த வண்டியில் ஏற்றிவிடுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏன் நீங்கள் ஓட்டவில்லை என்று ஒரு சுட்டிப் பெண் கேட்டதற்கு எனக்குப் பிரமோஷன் ஆகிவிட்டது என்றாராம். என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. புது பேசினை மாட்ட விசில்காரரையே கூப்பிட்டோம், வீட்டுக்காரம்மாவையும் வைத்துக்கொண்டு அவரிடம் அப்பா மன்னிப்புக் கேட்டார். விடுங்க சார் என்றார், சுத்தமாக மாட்டிக் கொடுத்தார், ஆனால் வேலை முடிகிறவரை ஒரு விசில் சத்தம் வரவில்லை. அவர் மனசு ஆற நாளாகும், அதை நாங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வாடகை வீட்டு மரத்தரையில் இஸ்திரிப்பெட்டி விழுந்து கருகின இடத்தின்மேல் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன் என்று சிரித்தாயே. நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு போட்டோ பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு கண்ணு. திட்டினால் திட்டட்டும், மாற்றிக் கொடுக்கச் சொன்னால் மாற்றிக் கொடுங்கள், வேறு யாரையாவது கைகாட்டுகிற நிலைமை வரக்கூடாது. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் தண்ணீர் நிறையக் குடி. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் மனசும் உடம்பும் நிறைந்து இருக்க வேண்டும்.

எழுதியதை எல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரியைக்கூட அடிக்கச் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் தானே போடுவதாகப் பேனாவை வாங்கிக்கொண்டார். எழுத்து நெளிந்துதான் இருக்கும். அடுத்த தடவை பேசும்போது அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிடாதே. எப்படி இருக்குப்பா கை என்று நேராகவே கேள், இப்போது அவர் பதில் சொல்லுவார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

நானும்தான்
அப்பா