கால் கிலோ கசகசா

சேரப்பணஞ்சேரி,
18.9.1991

அன்புள்ள மாமாவுக்கு, செங்கமலம் எழுதிக்கொள்வது. நானும் நம் பெண் பூஜாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்களை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

எதிர்வீட்டு ரகுபதி அண்ணனைத் துபாய் ஏர்போர்ட்டில் பிடித்துவைத்திருப்பது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். எதற்கு என்று தெரியுமா? நான் உங்களுக்குக் கொடுத்தனுப்பிய கசகசாவுக்கு. அங்கே கேம்பில் போடும் குருமா வெறும் தண்ணீர் என்று எழுதினீர்கள். நானும் படப்பையில் கால் கிலோ வாங்கி, காயவைத்து, துணிப்பையில் தைத்துக் கொடுத்தேன். அந்த ஊர்ச் சட்டத்தில் அதுவும் போதைப் பொருளாம். நாடு விட்டு நாடு கடத்துகிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டத்தில் நம் மளிகைச் சாமான் மாட்டிக்கொண்டது. நாலு வருஷமாக அங்கே இருக்கிறீர்களே, உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

நம் தெருவில் யார் வெளிநாடு புறப்பட்டாலும் நாலு வீட்டுப் பொட்டலம் கூடப் போகும். வாங்குகிறவர் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அண்ணனும் பார்க்கவில்லை. எடை கூடுகிறது என்று பெயர் எழுதிய அட்டைப்பெட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பைகளை மட்டும் தன் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து போதைப் பொருள் தடுப்பு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் போலீஸ் வண்டியைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறார்கள். அண்ணன் பெண்சாதி பாப்பம்மாளின் அஞ்சறைப் பெட்டியைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள். அண்ணன் அங்கே எல்லாம் என்னுடையது என்று சொல்லிவிட்டாராம். பொட்டலம் கொடுத்த வீட்டுக்காரர்களை நிற்கவைத்து, கசகசா யாருடையது என்று பெரிய அதிகாரி கேட்டார். கொடுத்தவர் சமையலுக்கு என்று எழுதிக் கொடுத்தால் தூதரகம் வழியாக அனுப்புவோம், ரகுபதிக்கு அது உதவும் என்றார். நான் வடகம் மட்டும்தான் கொடுத்தேன் என்றேன்.

அவர்கள் போனதும் பாப்பம்மாள், எம் புருசன் இன்னா தப்பு பண்ணாருக்கா என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். வெட்கம் கெட்டவள் நான்.

அன்றிலிருந்து உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் வாசலுக்குப் போகத் தோன்றுகிறது. நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. மாமாவுக்கு எழுதிடுக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கப் பத்து நாள் ஆகும். பன்னிரண்டாம் நாள் நான் மெட்ராஸ் போய், யாருக்காகக் கொடுத்தேன் என்று உங்கள் பெயரோடு எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதுவரை காத்திருப்பதே அண்ணனுக்குச் செய்யும் துரோகம். அவர்கள் உங்களைத் தேடி வருவதற்குள் நீங்களாகவே அங்கே போலீசில் போய், அது உங்களுக்கு வந்தது என்று சொல்லிவிடுங்கள். தேடிப் பிடித்தால் நம்பமாட்டார்கள். உங்களையும் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. போகவேண்டாம் என்று மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் பெயரைச் சொன்னால் இரண்டு குடும்பமும் தெருவில் நிற்கும் என்றுதான் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நமக்கு அந்த மனசு வேண்டாமா?

நல்லபடியாக ஊர் வந்து சேருங்கள் மாமா. எத்தனை வருஷமானாலும் நான் இருப்பேன். அண்ணனை விட்டுத் தனியாக மட்டும் வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் செங்கமலம்