டிவியில் கோளாறு இல்லை

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை, ஆரம்பித்துவிட்டேன். நீயும் அப்படியே பதில் எழுதுவாய், நானும் நம்பியது போல வைத்துக்கொள்வேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று அதில் இரண்டு தப்பு கண்டுபிடிக்கிறார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், என்னைத் திருத்தும் வேலையில் இன்னும் பணி நீட்டிப்பில்தான் இருக்கிறார்.

நீ அனுப்பிய பெரிய டிவி வந்து சுவர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. காலண்டரைக் கழற்றிவிட்டேன், இனி தேதி தெரிய வேண்டுமானால் செய்தி போட்டால்தான் உண்டு. உன் அப்பா முதல் நாளே முகத்தைச் சுளித்தார். "கலரெல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கு, அந்தக் காலத்துப் பெட்டியில பார்த்தா முகம் பளிச்சுன்னு இருக்கும்" என்றார். பளிச்சென்று இருந்ததாம்! அந்தப் பெட்டியில் செய்தி வாசித்த அம்மாவுக்கு மூக்கு இருந்ததா என்பதே எனக்குக் கடைசி வரை தெரியாது. இவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு தெரியுதா தெரியுதா என்று கத்துவார், நான் ஜன்னலிலிருந்து இப்ப இல்ல, அதுக்கு முன்னாடி தெரிஞ்சுது என்று கத்துவேன், எதிர் வீட்டு டெய்லர் வெளியே வந்து, "சார், எங்க வீட்டுல இப்ப நல்லாத் தெரியுது, அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்பார். சேனல் மாற்றும் திருகு உடைந்து கட்டிங் பிளேயரால் திருப்பிக்கொண்டிருந்தோம், விருந்தாளி வந்தால் அதை நாற்காலிக்கு அடியில் மறைப்பேன். பிறகு மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று ஒரு பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்து திரையில் ஒட்டி, கலர் டிவி வந்தாச்சு என்று அறிவித்தார். நீ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தோழிகளை அழைத்து வந்தாய். யார் வந்தாலும் நெற்றி நீலம், கழுத்து பச்சை. பொற்காலம் என்றால் சும்மாவா.

அந்தப் பொற்காலத்தைத்தான் மூன்று மாதம் முன்பு பரணிலிருந்து இறக்கினார். பெட்டி, வீடியோ பிளேயர், பூஞ்சை பிடித்த கேசட்டுகள், வட்டத் தகடு போட்டுக் கண்ணில் வைத்து நெம்புகோலை அழுத்திப் படம் பார்ப்போமே அந்தச் சிவப்புக் கருவி, எல்லாம் கூடத்துக்கு வந்தன. நடக்க வழியில்லை. மெக்கானிக்கையும் வரவழைத்தார். அந்தப் பிள்ளை முதலில் உன் டிவியைச் சோதித்துப் பார்த்து, "டிவியில கோளாறே இல்லீங்க" என்றான். பழைய பெட்டிக்கு இப்போது சிக்னலே வராது, கேசட் வேண்டுமானால் ஓடும் என்று சொல்லி, வீடியோ பிளேயரின் உள்ளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஓட வைத்துக் கொடுத்தான். பார்த்தால் அதுவும் மங்கல் என்றார் உன் அப்பா. சிவப்புக் கருவியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதிலும் மூடுபனி என்றார். உலகத்தில் இருக்கிற எல்லாக் கருவிகளும் ஒரே வாரத்தில் இவருக்கு எதிராகக் கூட்டணி அமைத்துவிட்டன என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

உன் ஆறாவது பிறந்தநாள் கேசட் ஓடியது. படத்தில் ஒருத்தி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "யாரு அது, உங்க அக்காவா?" என்று கேட்டார். அது நான். வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று எண்ணி, பதிலுக்கு நல்லதாக நான்கு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டு திரும்பினேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய் நின்றிருந்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டேன் குட்டி.

டாக்டரிடம் போவதற்குள் பெரிய போராட்டம். முப்பது வருஷம் எறும்பு மாதிரி எழுத்தைப் பார்த்த கண்ணு, இதுக்கு என்ன வந்திருக்கும் என்றார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷனுக்குக் காத்திருந்தபோது மெதுவாக, "ஏதாவது ஆகி ஒண்ணுமே தெரியாமப் போயிட்டா?" என்றார். பழைய பெட்டி பார்க்கலாம், வித்தியாசமே தெரியாது என்றேன். சிரித்தார். ஆனால் உள்ளே கூப்பிடும் வரை என் கையை விடவில்லை, வளையல் அழுந்திய தடம் சாயங்காலம் வரை இருந்தது.

நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது கண்ணும் தேறிய பிறகு அதே கேசட்டைப் போட்டார். "என்ன இது, படம் முழுக்க மழை பெய்யுது, இதையா வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தோம்?" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது என்று கேட்டார். கேள்வி வந்து சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இதுவரை எழுதியது சிரிப்பதற்கு. இனி எழுதப் போவதற்குத்தான் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசினாய். வாரா வாரம் போனை வைத்ததும், குழந்தை நல்லா இருக்கா, முகத்துல களை இருக்கு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவர், அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "கன்னம் ஒட்டிப்போச்சு. கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கு. வாய்தான் சிரிக்குது" என்றார். அங்கே வெளிச்சம் போதாது என்றேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார், மருந்து போட்ட கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று தெரிந்தும்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுது. வேலை போயிருந்தால் போகட்டும், அது இல்லாமலும் நீ பிறந்து வளர்ந்தவள்தான். யாராவது உன் மனத்தை நோகடித்திருந்தால் விலாசத்தையும் சேர்த்து எழுது, நான் நேரில் விசாரித்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கி, உடம்பும் மனசும் தேறி, யார் முன்னாலும் தலை நிமிர்ந்து நீ நீண்ட நாள் வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் அடக்கம், அவருக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறேன்.

ஒரு ஞாபகம்: வீட்டுப் பூட்டை நாங்கள் மாற்றவில்லை. உன்னிடம் இருக்கிற சாவியே போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா