யாரும் பட்டனை அமுக்காதீங்க

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி, நான் எல்லோரும் சுகம்தான், எனக்கு மட்டும் மனசு ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் அது அடங்கும்.

தம்பிக்கு இருமல் குறைந்துவிட்டது. அம்மா தையல் மெஷினை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறாள், கேட்டால் வெளிச்சத்துக்கு என்கிறாள், தபால்காரர் வருகிறாரா என்று பார்க்கத்தான் என்பது எனக்குத் தெரியாதா. போன வாரம் உன் அத்தை வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவ்வளவு மார்க் வாங்கின பொண்ணை யாராவது லிஃப்ட் ரிப்பேர் கத்துக்க அனுப்புவாங்களா, உனக்கென்ன கிறுக்கா என்று டீ ஆறிப்போகும்வரை என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவளை மட்டும் சொல்வானேன், கல்லூரியில் உனக்குக் கிடைத்த இடத்தை அன்றுவரை விடாமல் பிடித்து வைத்திருந்தவன்தானே நானும். வருகிறாளா இல்லையா, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்று உனக்கு எழுதத்தான் வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் பேப்பரை எடுத்துப் போனேன்.

அன்றைக்குப் பார்த்து எங்கள் ஆபீஸ் லிஃப்ட் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து, ரிப்பேர் நடக்கிறது என்று கீழே ஒரு போர்டை வைத்துவிட்டு மேலே போனார். லிஃப்டுக்குள்ளே இல்லை, அதன் கூரைமேல் ஏறி நின்றுதான் வேலை பார்ப்போம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அரைகுறைத் தூக்கம்தான். போர்டை யார் மதிக்கிறார்கள், வருகிறவர்கள் எல்லாம் பட்டனை அமுக்கிப் பார்க்கிறார்கள். ஃபைலை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். யாரும் பட்டனை அமுக்காதீங்க, மேலே ஆள் நிக்கிறாங்க என்று வந்தவர்களையெல்லாம் படிக்கட்டுக்கு விரட்டினேன். மேனேஜர் கையை நீட்டினார், அந்தக் கையையும் பிடித்துவிட்டேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது கிடக்கட்டும். மதியம் மெக்கானிக் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். மேலே ஏறினதும் முதல்ல அங்க இருக்கிற சுவிட்சை மாத்திடுவோம் சார், அப்புறம் கீழ யார் அமுக்கினாலும் லிஃப்ட் அசையாது என்றார். கால் வலிக்க நின்றது வீண் என்று அப்போதுதான் உறைத்தது. இதுக்கா இவ்வளவு நேரம் நின்னீங்க என்று கேட்டார். எம் பொண்ணும் இந்த வேலைதான் கத்துக்கிறா என்றேன், மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகவே வந்துவிட்டது. அப்போ நீங்க எங்க ஆளு சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் கல்லூரிக்குப் போன் போட்டு, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக என் மனசு அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இப்போது லிஃப்டில் ஏறினால் கூரையையே பார்த்துக்கொண்டு போகிறேன், கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலையில் பேர் சொல்ல வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, ஷூ தேய்ந்தால் உடனே மாற்று. மேலே ஏறினதும் முதலில் அந்தச் சுவிட்சை மாற்று, மாற்றினாயா என்று இன்னொரு தடவை பார். சுவிட்ச் இருந்தாலும் இருக்கட்டும், நீ மேலே நிற்கும்போது கீழே கதவுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று மறக்காமல் எழுது.

உன் அப்பா