நிறுத்துவதற்கு ஒரு பட்டன்

அண்ணா,

இன்று காலை மூக்கண்டப்பள்ளிக் கடையில் டீ வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பிரேக் பாகங்கள் ஒரு லாட் சரிபார்க்கப்பட்டு லாரி ஏறிவிட்டதாகக் கம்பெனி மென்பொருளிலிருந்து செய்தி. அனுமதித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். தை மாதம் நெஞ்சுவலியில் போன உங்களைக் கெலமங்கலத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது. நீங்கள் இன்னும் தினமும் அனுமதி கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

அந்தக் கம்பெனி ஒரே ஷெட்டாக இருந்தபோது நாம் அந்த மென்பொருளைச் செய்தோம். நான் எழுதினேன், தரம் பார்க்கும் நீங்கள் பக்கத்தில் நின்று குறை சொன்னீர்கள். வெளியில் ரெடிமேடாக விற்பது எதுவும் அங்கே நடக்கும் வேலைக்குப் பொருந்தவில்லை. ஆர்டர், மெஷின், ஸ்டாக், லாரி என்று நான் ஆசையாக அடுக்கியதையெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஓடறதுக்கே வெச்சிருக்கியேம்மா, நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் வையி" என்றீர்கள். வைத்தேன், உங்கள் லாகினில் மட்டும். அதை அமுக்கினால் உற்பத்தி லைன் நிற்கும், லாரி வெளியே போகக் கேட் பாஸ் அச்சாகாது.

வாரத்துக்கு ஒருமுறையாவது அமுக்குவீர்கள். முதலாளி போனில் காய்ச்சி எடுப்பார். "மொதல்ல பீஸைக் கையில எடுத்துப் பாருங்க சார். அப்புறம் திட்டுங்க" என்பீர்கள். உங்களுக்கு டீ ஆறிப்போகிறதே என்பதுதான் கவலை.

ஒரு விஷயத்துக்காக மட்டும் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கையெல்லாம் எண்ணெய் என்று, கம்ப்யூட்டர் பக்கத்தில் யார் நின்றாலும் பாஸ்வேர்டைக் கத்திச் சொல்லி அடிக்கச் சொல்வீர்கள். அது உங்கள் பைக் நம்பர். ஆளுக்கேற்றபடி தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கத்துவீர்கள். "எல்லாம் நம்ம ஆளுங்கதானேம்மா" என்று சிரிப்பீர்கள்.

இப்போது அங்கே ஷெட் மூன்றாகிவிட்டது. போன வாரம் புது ரிப்போர்ட் ஒன்றுக்காகப் போயிருந்தேன். லாரிக்குக் காத்திருந்த பெட்டியிலிருந்து சும்மா ஒரு பீஸை எடுத்துத் தடவினேன். நகம் ஒரு விரிசலில் மாட்டியது. அடுத்த பீஸிலும் மாட்டியது. இதை யார் பார்த்து அனுமதித்தது என்று ஷிப்ட் சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அண்ணன் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியுமுங்களே. கம்ப்யூட்டர்கிட்ட யாரு நிக்கறாங்களோ அவங்க ஓகே அமுக்கிடுவாங்க" என்றார்.

முதலாளியிடம் பீஸை நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

"புது ஆர்டர் வந்திருக்குதும்மா. வேற ஆள் எடுக்கற வரைக்கும் இப்படியே ஓடட்டும். அவரு போனதுலேர்ந்து ஒரு தடவைகூட லைன் நிக்கல, பாத்தியா?"

பெருமையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து தெருவில் பைக் போனால் பிரேக்தான் கண்ணில் படுகிறது. முன்னால் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, அண்ணா.

இன்று அந்தச் செய்தியைப் பார்த்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு அறைக்கு வந்தேன். உங்கள் பைக் நம்பரை அடித்து உள்ளே போனேன். உங்களுக்காக வைத்த பட்டனை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் போன் வந்தது.

"யாரும்மா லைனை நிறுத்தினது?"

"அண்ணன் பேர்லதான் நிறுத்தியிருக்கேன் சார். மொதல்ல பீஸைக் கையில எடுத்துப் பாருங்க. அப்புறம் திட்டுங்க."

உங்கள் வார்த்தையை அப்படியே சொல்லி முடித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் பெட்டி பிரிபடும் சத்தம் கேட்டது. எப்போதும் அவர் குரலுக்குப் பின்னால் கேட்கும் மெஷின் சத்தம் இல்லை. பிறகு, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"இதுவரைக்கும் போனதெல்லாம்?"

அதற்கு நாம் பட்டன் வைக்கவில்லையே, அண்ணா.